வெறும் அரிசி தின்னும் பிள்ளை

கேள்வி:

மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மகளுக்கு ஒன்பது வயது, நாலாம் தரம். மகனுக்குப் பன்னிரண்டு, ஏழாம் தரம். நான் விடிய முந்தியே பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போய்விடுவதால் பிள்ளைகளை மாமியார்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார். மகள் காலையில் ஒரு கப் சாயத்தண்ணியை (பால் விடாத தேத்தண்ணியை) குடித்துவிட்டுப் போய்விடுகிறாள். ரொட்டி கட்டிக் கொடுத்தால் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். ரொட்டி கொண்டுபோக வெட்கமாக இருக்கிறதாம். அதனால் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுக்கிறோம். பள்ளிக்கூட வாசல் கடையில் பக்கெட் மிக்சர், பிஸ்கட் என்று வாங்கித் தின்கிறார்கள். இப்போது கொஞ்ச நாளாக மகள் அரிசி வாளியில் கைவிட்டு வெறும் அரிசியை அள்ளித் தின்கிறாள். வெண்கட்டி தின்கிறாள் என்று டீச்சரும் சொல்லி அனுப்பினார். அடித்தும் பார்த்தோம், விடவில்லை. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறுகிற படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வருகிறாள். சத்துமா டின் வாங்கிக் கொடுத்தால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். அது என்னுடைய இரண்டு நாள் சம்பளம். வாங்கிக் கொடுக்கவா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

சத்துமா டின் வாங்க வேண்டாம். அந்தக் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில் அந்த அரிசி விஷயம். தயவுசெய்து இனி அதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள், மாமியாரிடமும் சொல்லி வையுங்கள். வெறும் அரிசி, வெண்கட்டி, மண், சுவர்ச் சுண்ணாம்பு என்று இப்படிப்பட்டவற்றை ஆசைப்பட்டுத் தின்பதை கெட்ட பழக்கம், பேராசை, வாய்க்கொழுப்பு என்றெல்லாம் நம் சனம் சொல்லும். மருத்துவத்தில் நாங்கள் அதை வேறு விதமாகப் பார்க்கிறோம். உடம்பில் இரும்புச் சத்து இறங்கிப் போனவர்களிடம் இந்த ஆசை அடிக்கடி வருகிறது. கர்ப்பிணிப் பெண்களிடமும் வரும், வளர்கிற பிள்ளைகளிடமும் வரும். இரும்புச் சத்துத்தான் காரணம் என்றால் அது ஏற ஏற, பெரும்பாலும் சில வாரங்களிலேயே, அந்த ஆசை தானாக அடங்கிவிடும். அடித்து நிறுத்த முடியாது. அடிக்குப் பயந்து ஒளித்துத் தின்பாள், அவ்வளவுதான்.

அரிசி தின்பது, படியேற முடியாமல் உட்காருவது, வளர்த்தி குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்திருப்பதால் இரத்தச் சோகையாக இருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. கடிதத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது, இரத்தம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பகலில் மகளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அறைக்குள் பல்ப் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லோரும் மஞ்சளாகத்தான் தெரிவார்கள், வெளியே வர வேண்டும். மேலே பார்க்கச் சொல்லிவிட்டு, கீழ் இமையை மெதுவாக இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே மகனையும் நிறுத்தி அவனுடையதையும் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தாலும் தெரியும். வெளிறிப் போயிருந்தால் தாமதிக்க வேண்டாம். சிவப்பாகவே தெரிந்தாலும் இரத்தப் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம். கண்ணால் பார்ப்பதில் பிழை வரும்.

பரிசோதனைக்கு பொகவந்தலாவை வைத்தியசாலைக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ போகலாம். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. ஐந்து முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்கு இரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின் 11.5க்குக் குறையக் கூடாது. பன்னிரண்டு ஆகிவிட்ட உங்கள் மகனுக்கு 12. அங்கே இருக்கிற டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பல தாய்மார் அரிசி தின்கிற விஷயத்தைச் சொல்லாமலே மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு அதுதான் காரணம். டீச்சரிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு துண்டில் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்: வெறும் அரிசியும் வெண்கட்டியும் தின்கிறாள், மேடு ஏறினால் களைக்கிறாள், கடைசியாக எப்போது பூச்சி மருந்து கொடுத்தது. இது போதும்.

பூச்சி மருந்தை ஏன் சொன்னேன் என்றால், கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைத்தான் உறிஞ்சும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கிற பிள்ளையின் தோல் வழியாகவே உள்ளே போகும். கக்கூஸ் வசதி சரியில்லாத லயங்களில் அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போனாளா, மாத்திரையை முழுங்கினாளா என்று கேளுங்கள். தண்ணீர்ப் பீலிக்குப் போகும்போதும் செருப்புப் போடச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை மட்டும் நீங்களாக மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, இரத்தச் சோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. டொக்டர் மாத்திரை கொடுத்தால், மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கிழமைக்கு ஒன்று என்று பள்ளிக்கூடத்திலும் இரும்பு மாத்திரை கொடுப்பார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று பிள்ளைகள் அதை வாயில் அடக்கிப் பிறகு துப்பிவிடுவார்கள். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தத் தொந்தரவு குறையும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சாயத்தண்ணி.

மலைநாட்டில் தேத்தண்ணி குடிக்க வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று எனக்குத் தெரியும். குளிருக்கு அதுதான் இதமாக இருக்கிறது, விருந்தாளிக்கு அதுதான் கொடுக்கிறோம், பல வீடுகளில் காலைச் சாப்பாடே அதுதான். உங்கள் கடிதத்தைப் போல எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் 'காலையில் தேத்தண்ணி மட்டும்' என்ற வரி இருக்கும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருப்பு, கீரை, ரொட்டி, சோறு போன்ற தாவரச் சாப்பாட்டில் இருக்கிற இரும்பு உடம்பில் சேருவது ஏற்கெனவே குறைவு. சாப்பாட்டோடு சாயத்தண்ணியும் போனால் அந்தக் குறைவிலும் பாதிக்கு மேல் போய்விடும். பால் விட்டுக் குடித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இறைச்சியும் மீனும் தினம் சாப்பிடுகிற வீட்டில் இது பெரிதாகப் பாதிக்காது. ரொட்டியும் சம்பலும் பருப்பும் சாப்பிடுகிற வீட்டில்தான் இது பிள்ளையின் இரத்தத்தில் கை வைக்கிறது. இரண்டு கரண்டி சீனி போட்ட சூடான சாயத்தண்ணி பசியையும் மந்தமாக்கும். ஏழரைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி பத்தரைக்கு இடைவேளை விடும் வரைக்கும் பிள்ளை அந்தச் சீனியில்தான் ஓடுகிறாள்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தேத்தண்ணியே தேவையில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்ல மாட்டேன். மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார், பிள்ளையும் அழுவாள். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோறு சாப்பிட்டு, விளையாடி, நாலு மணிக்கு வேண்டுமானால் சின்னக் கப்பில் லேசாகக் கொடுக்கலாம். காலையில் சூடாக ஏதாவது வேண்டும்தானே, அதற்குக் கொத்தமல்லித் தண்ணியோ இஞ்சித் தண்ணியோ கொடுங்கள். அதைவிட நல்லது கஞ்சி. ராத்திரிச் சோற்றில் ஒரு பிடியைத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, கொஞ்சம் தேங்காய்ப்பால், உப்பு, ஒரு பல் பூடு போட்டால் கால் மணித்தியாலத்தில் ஆகிவிடும். குரக்கன் மா கிடைத்தால் குரக்கன் கஞ்சி. பக்கத்து லயத்தில் மாடு வைத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். காலையில் பால் முழுவதும் லொறிக்குப் போய்விடுகிறது, அந்த வீட்டுப் பிள்ளைகளே பால்மா பக்கெட்டில் தேத்தண்ணி குடிக்கிறார்கள், இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அவர்களிடம் ஒரு கப் பால் பேசி வாங்க முடிந்தால் வாங்குங்கள். காய்ச்சி, தேயிலை போடாமல் வெறும் பாலாகக் கொடுங்கள்.

மாமியாரிடம் இதைச் சண்டையாக்கிவிடாதீர்கள். பேத்திக்குக் குளிரக் கூடாது என்றுதான் அவர் கலக்கிக் கொடுக்கிறார். காலைக் கஞ்சியை அவர் பொறுப்பில் விடுங்கள். அந்தத் தலைமுறைக்குக் கஞ்சி வைக்க யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது ரொட்டி. ரொட்டியில் சத்தே இல்லை, ஏழைச் சாப்பாடு என்று உங்கள் மகளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது சொல்லாமலே காட்டியிருக்கிறார்கள். அது பொய். நூறு கிராம் கோதுமை மாவில் சுமார் பத்து கிராம் புரதம் இருக்கிறது, அரிசியில் ஏழுதான். ஆனால் கோதுமைப் புரதம் முழுமையானது இல்லை. லைசின் என்று ஒரு பகுதி அதில் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க இறைச்சி வாங்க வேண்டியதில்லை, பருப்பில் அது நிறைய இருக்கிறது. கடலை, பயறு, கௌப்பி எல்லாவற்றிலும் இருக்கிறது. ரொட்டியும் பருப்பும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் போனால் பிள்ளை வளரத் தேவையானது சேர்ந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் கிட்டத்தட்ட 25 கிராம்தான். இரண்டு ரொட்டி, ஒரு கரண்டி பருப்பு, ஒரு முட்டை என்று போனாலே அதில் பெரும்பங்கு வந்துவிடும். ரொட்டியும் கட்டைச் சம்பலும் மட்டும், மூன்று வேளையும் அதேதான் என்று ஆகும்போதுதான் பிரச்சினை.

கட்டைச் சம்பலையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில் பிழிகிற தேசிக்காய் மிக நல்ல வேலை செய்கிறது. தேசிப்புளியில் இருக்கிற வைட்டமின் சி, தேயிலை செய்வதற்கு நேர்மாறாக, இரும்பைக் கரைத்து உடம்பில் சேர்க்கிறது. பருப்பிலும் கீரைச் சுண்டலிலும் அப்படியே பிழிந்துவிடுங்கள், ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. சூட்டில் அந்த வைட்டமின் போய்விடும். உங்கள் பக்கத்தில் கொய்யா இருந்தால் சாப்பாட்டோடு ஒரு துண்டு கொடுங்கள். அதுவும் அதே வேலையைச் செய்யும்.

சரி, ரொட்டி ஏன் திரும்பி வருகிறது? வெட்கம் ஒரு காரணம். இன்னொன்று, ஆறு மணிக்குச் சுட்ட ரொட்டி பத்தரை மணிக்குத் தோலாகிவிடும். ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடப் பெரியவர்களுக்கே தாடை வலிக்கும். இப்படிச் செய்து பாருங்கள்: மைசூர்ப் பருப்பு ஒரு கைப்பிடியை இரவே ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி, மாவோடு சேருங்கள். தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த வெங்காயம், ஒரு கரட் துருவல். லீக்ஸ் வாங்கினால் வெள்ளைப் பகுதியைக் கறிக்கு எடுத்துவிட்டுப் பச்சைத் தாளை எறிந்துவிடுகிறோம், அந்தத் தாளை நன்றாகக் கழுவி மெல்லியதாக அரிந்து இதில் போடலாம். கொதிநீர் விட்டுக் குழைத்து, கொஞ்ச நேரம் மூடி வைத்து, சின்னச் சின்னதாக, பிள்ளையின் உள்ளங்கை அளவுக்குத் தட்டி மெதுவான நெருப்பில் சுடுங்கள். கொதிநீரில் குழைத்த ரொட்டி ஆறினாலும் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. சுட்டதும் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் பிறகு பெட்டியில் போடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு முட்டையை மாவிலேயே உடைத்து ஊற்றலாம். சின்னதாக, நிறமாக, மூன்று நாலு ரொட்டி பெட்டிக்குள் இருந்தால் பிள்ளை திறந்து வைக்கக் கூச்சப்பட மாட்டாள். பக்கத்துப் பிள்ளை ஒன்று கேட்டும் வாங்கும்.

வெட்கம் அதோடு முழுதாகப் போய்விடாது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தோட்டப் பாடசாலைக்கு வைத்தியப் பரிசோதனைக்காகப் போயிருந்தபோது இடைவேளையில் பார்த்தேன், ஒரு பிள்ளை பெட்டி மூடியைப் பாதி மட்டும் திறந்து, அதன் மறைவில் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. கவனித்த டீச்சர் ஒன்றும் பேசாமல் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அந்த வாங்கிலேயே உட்கார்ந்தார். அவர் பெட்டியிலும் ரொட்டிதான். இரண்டு பேரும் சம்பலை மாற்றிக்கொண்டார்கள். உங்கள் மகளின் டீச்சர் வெண்கட்டி விஷயத்தைச் சொல்லி அனுப்புகிற அளவுக்கு அக்கறை உள்ளவர். அவரைப் பார்த்து, ரொட்டி திரும்பி வருவதையும் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: வகுப்பில் யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை யார் என்று உங்களுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நாலாம் தரம் என்றால் மகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடும் கிடைக்க வேண்டுமே, அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அரசாங்கப் பாடசாலைகளில் 1 முதல் 5ஆம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று 2024இல் அந்தத் திட்டத்தை விரித்தார்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் நடக்கிறதா, தினமும் நடக்கிறதா, மகள் சாப்பிடுகிறாளா என்று விசாரியுங்கள். மிக்சரால் வயிற்றை நிரப்பிக்கொண்டு அந்தச் சோற்றைக் கொட்டுகிற பிள்ளைகளும் உண்டு. பல இடங்களில் பெற்றோர்களில் ஒருவர்தான் சமைத்துக் கொண்டுவருகிறார். அவரிடம் நேரடியாகவே பேசலாம், பயறு வேகவில்லை, நெத்தலி உப்பாக இருக்கிறது என்று. பெற்றோர் கூட்டம் வைத்தால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று நம் தாய்மார் போவதில்லை. போகிற நாலு பேர் சொல்வதுதான் முடிவாகிறது. இந்தக் கூட்டத்துக்கு மட்டும் மாமியாரையாவது அனுப்பி வையுங்கள்.

மகனுக்கு அந்தச் சாப்பாடு இல்லை. பன்னிரண்டு வயது, இனித்தான் கிடுகிடுவென்று வளரப் போகிறான், பசி இரட்டிப்பாகும் வயதில் தட்டு நின்றுவிடுகிறது. இதைத் திட்டம் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். அதுவரை அவனுக்குக் கட்டுகிற ரொட்டி மகளுக்குக் கட்டுவதைவிட இரண்டு கூட இருக்கட்டும்.

இப்போது அந்த நூறு ரூபாய். இரண்டு பிள்ளைக்கும் ஒரு நாளைக்கு இருநூறு, ஐந்து நாளைக்கு ஆயிரம் ரூபாய். தங்கச்சி, இந்த ஆயிரம் ரூபாய்தான் உங்கள் சத்துமா டின். இதில் இரண்டு பேருக்கும் ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டை வரும், அரைக் கிலோ பருப்பு வரும், கொஞ்சம் நெத்தலியும் வரும். நெத்தலிக் கருவாடு விலை கூடிவிட்டது என்பீர்கள், உண்மைதான். ஆனால் ஒரு சின்னப் பிடி, இருபது கிராம், ஒரு பிள்ளைக்குப் போதும். அதில் ஒரு முட்டையைவிடக் கூடுதல் புரதம் இருக்கிறது, முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் சேருகிறது. சுடுநீரில் ஊற வைத்து உப்பை இறக்கிவிட்டு, வெங்காயம் போட்டுப் பிரட்டி, நொறுக்கிப் பருப்போடு சேர்த்துவிடலாம். பருப்பில் இருக்கிற இரும்பும் மீனோடு சேர்ந்தால் நன்றாக உடம்பில் ஒட்டும்.

பக்கெட் காசை ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளைகள் உங்களை எதிரியாகப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கொடுங்கள். மற்ற நாட்களுக்கு அவித்த கடலை, தேங்காய்ச் சொட்டு, செத்தல் மிளகாய் போட்டுத் தாளித்து ஒரு சின்னப் பையில் கட்டிக் கொடுங்கள். கடலை சுண்டல் வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. பள்ளிக்கூட வாசல் கடைக்காரரும் நம் ஆள்தான். நாலைந்து தாய்மார் சேர்ந்து போய், பக்கெட்டோடு அவித்த கடலையும் வாழைப்பழமும் வையுங்கள், நாங்கள் வாங்குகிறோம் என்று சொன்னால் வைப்பார். விற்கிறதைத்தானே அவர் வைக்கிறார். கலர் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் வட்டம் 2016இலிருந்து போடுகிறார்கள். சிவப்பு வட்டம் உள்ளதை வாங்கக் கூடாது என்று மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள், அந்த வயதுப் பையன்கள் இப்படிக் கண்டுபிடிக்கிற வேலையை விரும்பிச் செய்வார்கள்.

கீரை பற்றி ஒரு எச்சரிக்கை. தேயிலைக்கு இடையில் வல்லாரை தழைத்துக் கிடக்கும், வேலை முடிந்து வரும்போது மடியில் கட்டிக்கொண்டு வருகிற பழக்கம் நமக்கு உண்டு. புல்லுக்கு மருந்தடித்த மலையில் பறிக்க வேண்டாம். எந்த மலைக்கு எப்போது அடித்தார்கள் என்று மருந்தடிக்கிற ஆட்களிடமே கேளுங்கள். சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள். லயத்துக்குப் பின்னால் நாலு அடி மண் இருந்தால் அதுவே பாதுகாப்பு. பூசணிக் கொடி ஒன்று போதும், கொழுந்தையும் கிள்ளிச் சமைக்கலாம், காயையும் சமைக்கலாம். நோக்கோல், முள்ளங்கி போடுகிறவர்கள் கிழங்கைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு இலையை மாட்டுக்குப் போடுகிறார்கள். அந்த இலையில் நல்ல சத்து இருக்கிறது. உங்கள் சொந்தப் பாத்தியில் மருந்து அடிக்காமல் வளர்த்த இலையாக இருந்தால் பிள்ளைகளுக்குச் சுண்டிக் கொடுங்கள்.

வளர்த்தியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒன்பது வயதுப் பெண் பிள்ளைக்கு உலக அளவில் நடுவான உயரம் 132 சென்றிமீற்றருக்குச் சற்று மேல், எடை 28 கிலோ. உங்கள் மகள் அதற்குக் கீழே இருந்தால் உடனே பயந்துவிட வேண்டாம். தாய் தகப்பன் உயரமும் பார்க்க வேண்டும். அவள் வளர்ந்துகொண்டு இருக்கிறாளா என்பதுதான் முக்கியம். இந்த வயதில் வருடத்துக்கு ஐந்து ஆறு சென்றிமீற்றர் கூட வேண்டும். கதவு நிலையில் அவளைக் குதிகால் ஒட்ட நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு அப்பியாசப் புத்தகத்தை மட்டமாக வைத்து, பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். வருடத்தில் நாலு சென்றிமீற்றர்கூட ஏறவில்லை என்றால் டொக்டரிடம் காட்ட வேண்டும். நாலாம் தரத்திலும் ஏழாம் தரத்திலும் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும், உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இது பரிசோதனை வருடம். அன்றைக்கு லீவு போட விடாதீர்கள். டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தால் அதைப் புத்தகப் பையிலேயே விட்டுவிடாமல் வாங்கிப் பாருங்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, எல்லாம் தாய் கையில்தான் என்று முடித்தால் அது அநியாயம். 2016இல் நாடு முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளில் மட்டும் எடுத்தால் 32 பேர். அந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்குப் பள்ளிக்கூட வாங்குகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை தாய்மாரும் ஒரே நேரத்தில் கவனக்குறைவாக இருந்துவிட்டார்களா? 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ஆனது, 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. நடுவில் 2022 செப்டெம்பரில் சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருடத்துக்கு முந்தியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி நின்றது. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். விடிய முந்தி வீட்டைவிட்டுப் போகிற தாய் எந்த நேரத்தில் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு ஊட்டுவது? பிள்ளை மடுவம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் காலையில் அங்கே ஒரு கோப்பை கஞ்சி கிடைக்கும்படி செய்ய ஒரு அண்டாவும் ஒரு ஆளும் போதும். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் மனம் வைத்தால் நடக்கிற காரியம் இது. உங்கள் தலைவரிடம் கேளுங்கள், கேட்கிற தாய்மார் கூடினால் அவரும் மேலே கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். பிள்ளைகள் சாப்பிடுவதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், மலைக்குப் போகுமுன் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. நீங்களும் சாயத்தண்ணியோடுதான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மேடு ஏறுகிற பெண்ணுக்கு, மாதா மாதம் இரத்தம் போகிற உடம்புக்கு, பிள்ளையைவிடக் கூடுதல் இரும்பு வேண்டும். மீனோ முட்டையோ சமைத்தால் வீட்டுக்காரர் வருகிற நாளுக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஒரு பங்கு என்று பிரித்து, உங்கள் தட்டில் குழம்பு மட்டும் விழும். அந்தப் பருப்பு ரொட்டியில் இரண்டை உங்கள் சேலை முடிப்பிலும் கட்டிக்கொள்ளுங்கள். மகளுக்கு இரத்தம் எடுக்கப் போகிற அன்றைக்கு உங்களுக்கும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு பேருடைய ரிப்போட்டும் வந்ததும் அதில் ஹீமோகுளோபின் என்று இருக்கிற இடத்தில் என்ன இலக்கம் போட்டிருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். மகள் அரிசி தின்பது குறைந்ததா, இல்லையா என்பதையும் எழுதுங்கள். மாத்திரை கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் குறையவில்லை என்றால் எனக்கு எழுதிக்கொண்டு இருக்காமல் நேரே டிக்கோயாவுக்குப் போய்ப் பிள்ளை டொக்டரைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டொக்டர்